உங்களுக்குத் தெரியுமா? ஊசி ஒன்று, சட்டம் நூறு!

பதினாறு வயசுப் பிள்ளை கையில் டாட்டூவோடு வந்து நின்றால் நம் வீட்டில் என்ன நடக்கும்? அது உங்களுக்கே தெரியும். சட்டம் என்ன செய்யும்? அதைத்தான் ஊர் ஊராகத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்!

அம்மா கையெழுத்தா? செல்லாது!

பிரிட்டனில் 18 வயது நிறையாதவருக்கு டாட்டூ குத்துவது குற்றம். அம்மா கையெழுத்து? செல்லாது. அப்பா கையெழுத்து? செல்லாது. இருவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினாலும் செல்லவே செல்லாது!

அந்தச் சட்டம் நேற்று வந்ததல்ல. மனிதன் நிலாவில் கால் வைத்த அதே 1969!

வடக்கு அயர்லாந்து மட்டும் பத்து வருஷம் லேட். அங்கே 1979!

இதில் ஒரு வேடிக்கை. 1969இல் இங்கிலாந்தில் சட்டப்படி ஒருவர் 'பெரியவர்' ஆகும் வயது 21. அது 18 ஆனது 1970 ஜனவரி 1 அன்றுதான். அதாவது, பெரியவர் ஆகாமலே டாட்டூ குத்திக்கொள்ளச் சில மாதங்கள் உரிமை இருந்தது!

மாட்டிக்கொண்டால் யாருக்குத் தண்டனை? பிள்ளைக்கு இல்லை. ஊசி பிடித்தவருக்கு! அபராதம் 1,000 பவுண்டு வரை!

பிரிட்டிஷ் ராணுவத்தில் 16 வயதில் சேரலாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். அதே பையன் தன் படைப்பிரிவின் சின்னத்தைக் கையில் குத்திக்கொள்ள? இன்னும் 2 வருஷம் காத்திருக்க வேண்டும்!

ஸ்காட்லாந்தில் 16 வயதில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். லண்டன் நாடாளுமன்றத்துக்கு இல்லை, ஸ்காட்லாந்தின் சொந்த நாடாளுமன்றத்துக்கு. ஆட்சியையே மாற்றலாம். தோளில் ஒரு சின்ன நட்சத்திரம் குத்த முடியாது!

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு அழகுக்காக போடாக்ஸ் ஊசி போடத் தடை வந்தது எப்போது? 2021 அக்டோபர் 1. டாட்டூவுக்குத் தடை வந்து 52 வருஷம் கழித்து!

ராஜா வீட்டுப் பிள்ளையின் டிராகன்

தாத்தா காலத்து வெள்ளி ரூபாயில் தாடியோடு இருப்பாரே ஐந்தாம் ஜார்ஜ், அவர் கையில் டாட்டூ இருந்தது தெரியுமா? நீலமும் சிவப்பும் கலந்த டிராகன்!

குத்தியது ஜப்பானில், 1881இல். கடற்படைக் கப்பலில் ஊர் சுற்றப் போன இடத்தில். அப்போது இளவரசருக்கு வயது? 16!

இன்றைக்கு அவருடைய சொந்த நாட்டிலேயே அது குற்றம். இளவரசர் என்றாலும் விலக்கு கிடையாது!

இன்னும் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஜப்பானியர்களுக்கே டாட்டூ தடை! 1872இல் போட்ட தடை 1948 வரை நீடித்தது. 76 வருஷம்! ஊர்க்காரனுக்குக் கூடாது, வெளிநாட்டு இளவரசனுக்கு மட்டும் டிராகன்!

அப்பா கண்டித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்பா ஏழாம் எட்வர்டு 1862இலேயே ஜெருசலேமில் கையில் சிலுவை குத்திக்கொண்டவர். பிறகு எங்கே கண்டிப்பது!

நாக்கும் அந்தரங்கமாம்!

வேல்ஸில் 2018 பிப்ரவரி 1 முதல், 18 வயதுக்குக் கீழே 'அந்தரங்க உறுப்புகளில்' துளை போடத் தடை. பட்டியலில் மொத்தம் 10 இடங்கள். அதில் ஒன்று, நம்ப மாட்டீர்கள், நாக்கு!

பெற்றோர் அனுமதி? இருந்தாலும் வேல்ஸில் செல்லாது!

ஸ்காட்லாந்து வேறு ரகம். 16 வயதுக்குக் கீழே என்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும். கடிதம் கொடுத்து அனுப்பினால் ஆகாது. அம்மாவோ அப்பாவோ கடைக்கே வந்து நிற்க வேண்டும்!

இங்கிலாந்தில் காது குத்த சட்டப்படி குறைந்தபட்ச வயது என்ன? அப்படி ஒன்று இல்லவே இல்லை! லண்டனில் நம்மவர் வீட்டுக் கைக்குழந்தைக்குத் தாராளமாகக் காது குத்தலாம். அந்தக் குழந்தைக்கே 17 வயதானதும் அம்மா பெயரைக் கையில் குத்த முடியாது!

நோட்டரியைக் கூட்டிட்டு வா!

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான டாட்டூ வயதுச் சட்டம் எது? எதுவும் இல்லை! ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி ராஜ்ஜியம். குறைந்தது 45 மாநிலங்கள் சிறுவர் டாட்டூவுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன!

இடாஹோவில் பெற்றோர் சம்மதம் இருந்தால் எத்தனை வயதில் டாட்டூ குத்தலாம்? 14! நம்மூர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு!

பக்கத்து மாநிலம் வாஷிங்டன். அங்கே 18 வயதுக்குக் கீழே டாட்டூ குற்றம், பெற்றோர் சரி சொன்னாலும் குற்றம். வாஷிங்டனின் ஸ்போகேன் நகரிலிருந்து இடாஹோவின் கர் டலேன் நகருக்கு எவ்வளவு தூரம்? சுமார் 50 கிலோமீட்டர்தான்!

ஃபுளோரிடாவில் 16, 17 வயதுக்காரர் டாட்டூ குத்தப் பெற்றோர் கூடவே வர வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். சம்மதக் கடிதத்தில் நோட்டரி முத்திரையும் வேண்டும். வீட்டுப் பத்திரம் பதிவு செய்வதுபோல!

16க்கும் கீழே என்றால்? மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும். யார் குத்தலாம்? டாக்டர். அல்லது... பல் டாக்டர்! சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்!

கலிஃபோர்னியா இரட்டை வேஷம். 18க்குக் கீழே டாட்டூ கூடவே கூடாது. தொப்புளில் வளையம்? பெற்றோர் வந்தாலோ நோட்டரி கடிதம் கொடுத்தாலோ சரி. அதே பிள்ளை, அதே ஊசி, அதே அம்மா!

டெக்சஸ்தான் இதில் ராஜா! 18க்குக் கீழே டாட்டூ தடை. ஆனால் ஏற்கெனவே குத்திய டாட்டூவை மறைக்க இன்னொரு டாட்டூ குத்தலாம். ரவுடி கும்பலின் சின்னம், போதைப்பொருள் பெயர், ஆபாச வார்த்தை... இவற்றை மூட அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் சட்டம் சரி என்கிறது. முள்ளை முள்ளால் எடுக்கும் மாநிலம்!

ஜார்ஜியாவில் கண்குழியைச் சுற்றி டாட்டூ குத்தக்கூடாத தூரம் எவ்வளவு? 1 அங்குலம். பிள்ளைக்கு மட்டும் இல்லை. எண்பது வயது தாத்தாவுக்கும் அதேதான்!

பெரியவர்களுக்கும் டாட்டூ கிடையாது என்று ஒரு மாநகரம் சொன்னது தெரியுமா? நியூயார்க்! 1961இல் மஞ்சள் காமாலை பயத்தில் தடை போட்டார்கள். எடுத்தது 1997இல். 36 வருஷம்!

மாசசூசெட்ஸ் அதையும் மிஞ்சியது. 1962 முதல் 2000 வரை, 38 வருஷம்! ஓக்லஹோமா கதவைத் திறந்தது 2006இல்தான். அமெரிக்காவிலேயே கடைசி மாநிலம்!

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் டாட்டூ, பியர்ஸிங் பற்றி முதல் முறையாக டாக்டர்களுக்கு அறிக்கை கொடுத்தது எந்த வருஷம்? 2017! அதுவரை பிள்ளைகள் குத்திக்கொண்டே இருந்தார்கள், சங்கம் மூச்சு விடவில்லை!

அமெரிக்கப் பெரியவர்களில் 100க்கு 32 பேர் உடம்பில் டாட்டூ! அப்படிக் குத்தியவர்களில் 100க்கு 24 பேர் ஏதாவது ஒன்றையாவது 'ஏன்டா குத்தினோம்' என்று நினைக்கிறார்கள். 2023 ஆய்வின் கணக்கு!

மருதாணிக்கே தடையா?

ஆமாம்! அமெரிக்க விதிப்படி மருதாணிக்கு அனுமதி உள்ள ஒரே இடம் தலைமுடி. தோலில் பூச அனுமதி இல்லை! நம் வீட்டுக் கல்யாணப் பெண்கள் எல்லோரும் அந்த விதிப்படி...? விடுங்கள்!

ஐரோப்பாவில் தலைமுடிச் சாயப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். '16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல' என்று இருக்கும். கூடவே, 'கறுப்பு மருதாணி' டாட்டூ போட்டிருந்தால் அலர்ஜி அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கையும்! முடிக்குப் போடும் சாயத்தின் பெட்டியில் கைக்குப் போட்ட கோலத்தைப் பற்றிக் கவலை!

டாட்டூ மைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் கடிவாளம் போட்டது. எத்தனை ரசாயனங்களுக்கு? 4,000க்கும் மேல்!

24 நாளில் ஆறுமா?

ஆஸ்திரியாவில் 14 வயதுப் பிள்ளை பெற்றோரைக் கேட்காமலே பியர்ஸிங் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. புண் வழக்கமாக 24 நாளில் ஆறுகிற இடமாக இருக்க வேண்டும்! 25ஆவது நாள் என்றால் அப்பாவைக் கூப்பிடு!

அங்கே டாட்டூவுக்கு 16 வயது, கூடவே எழுத்தில் பெற்றோர் சம்மதம். 24 நாள் கணக்கெல்லாம் செல்லாது!

நெதர்லாந்தில் 16 வயது நிறைந்தால் டாட்டூ விஷயத்தில் நீங்களே ராஜா. 12 முதல் 16க்குள் என்றால் பெற்றோர் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதும் தலை, கழுத்து, மணிக்கட்டு, கை... இந்த நாலும் கூடாது!

டென்மார்க் 1966இலேயே 18 வயது வரம்பு போட்டுவிட்டது. பிரிட்டனுக்கு 3 வருஷம் முன்னால்!

அதோடு விட்டார்களா? தலை, கழுத்து, கைகளில் யாருக்குமே குத்தக்கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். அறுபது வயதானாலும் அங்கே புறங்கையில் ரோஜாப்பூ கிடையாது!

பிரான்ஸில் குறைந்தபட்ச வயது இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அந்தக் காகிதத்தைக் கடைக்காரர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள்? 3 வருஷம்! பிள்ளை பள்ளிக்கூடத்தையே முடித்துவிடும்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரி, இந்தப் பக்கம் தப்பு!

ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆறு. ஒரு கரையில் ஆல்பரி நகரம், எதிர்க்கரையில் வொடோங்கா. ஆல்பரி நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. 17 வயதுப் பையனுக்குப் பெற்றோர் சம்மதத்தோடு அங்கே டாட்டூ குத்தலாம். வொடோங்கா விக்டோரியாவைச் சேர்ந்தது. பாலத்தைத் தாண்டி அங்கே குத்தினால் குற்றம்! தாண்ட வேண்டியது ஒரே ஒரு ஆறு!

மேற்கு ஆஸ்திரேலியாவில் 'என் பிள்ளைக்கு டாட்டூ குத்தலாம்' என்று மொட்டையாக எழுதித் தந்தால் ஆகாது. உடம்பில் எந்த இடம், எப்படிக் குத்துவது, எல்லாம் எழுத வேண்டும். தையல்காரருக்கு அளவு கொடுப்பதுபோல!

அரசாங்கமே சொல்லிடுச்சு, வேண்டாம்!

சீனா 2022 ஜூனில் ஒரே போடாகப் போட்டது. 18க்குக் கீழே டாட்டூ கூடாது. கடையில் குத்தக்கூடாது. வீட்டில் யாரும் குத்தக்கூடாது. பெற்றோரே அனுமதிக்கக்கூடாது! வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேள். கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையும் வை!

ஹாங்காங்கில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. அதன் பெயரே 'இளையோர் டாட்டூ சட்டம்'! 18க்குக் கீழே குத்த ஒருவருக்கு மட்டும் அனுமதி. யார்? டாக்டர்!

டாக்டர் எதற்கு டாட்டூ குத்துகிறார் என்கிறீர்களா? கதிர்வீச்சு சிகிச்சைக்கு! ஒவ்வொரு முறையும் கதிர் அதே இடத்தில் பட வேண்டும். அதற்கு அடையாளமாகத் தோலில் ஒரு புள்ளி. அளவு? குண்டூசித் தலை!

தென் கொரியாவில் டாட்டூ குத்த என்ன படித்திருக்க வேண்டும்? மருத்துவம்! 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'இது மருத்துவச் செயல்' என்று சொல்லிவிட்டது. டாட்டூ கலைஞர்கள் ஒளிந்து ஒளிந்து குத்தினார்கள். அவர்களுக்கும் வழிவிடும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025 செப்டம்பரில். 33 வருஷம் கழித்து!

அதிலும் சிறுவர்களுக்கு ஒரு பூட்டு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஊசியைத் தொடாதே!

ஜப்பானில் உச்ச நீதிமன்றம் 2020இல் நேர் எதிராகச் சொன்னது. டாட்டூ குத்த டாக்டர் ஆகவேண்டியதில்லை! ஆனால் பல மாகாணங்களின் இளைஞர் பாதுகாப்பு விதிகள் 18க்குக் கீழே குத்தாதே என்கின்றன.

பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலம் 1997இலேயே சிறுவர்களுக்கு டாட்டூவும் கூடாது, பியர்ஸிங்கும் கூடாது என்றது. பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. ஒரே ஒரு உறுப்புக்கு மட்டும் விலக்கு. எது? காது!

கவனித்தீர்களா? கலிஃபோர்னியாவின் பியர்ஸிங் சட்டத்திலும் காதுக்கு விலக்கு. நியூயார்க்கிலும் விலக்கு. உலகமே காதுக்குத் தனி மரியாதை கொடுக்கிறது!

5,300 வருஷத்துக்கு முந்தைய 'பனி மனிதன்' ஓட்ஸி ஆல்ப்ஸ் மலையில் கிடைத்தான் அல்லவா? அவன் உடம்பில் டாட்டூ 61. காதும் குத்தியிருக்கிறான்! யாரிடம் அனுமதி வாங்கினானோ!

ஒரு மூக்குத்தி கோர்ட்டுக்குப் போன கதை

தென்னாப்பிரிக்கா, டர்பன். தமிழ்க் குடும்பத்துப் பள்ளி மாணவி ஒருத்தி மூக்குத்தி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பள்ளி 'கழற்று' என்றது. அம்மா 'கழற்ற மாட்டாள்' என்றார். வழக்கு எதுவரை போனது? நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை!

2007 அக்டோபரில் தீர்ப்பு. மூக்குத்தி ஜெயித்தது!

அந்த வீட்டு வழக்கத்தையும் நீதிமன்றம் தீர்ப்பில் பதிவு செய்தது. பெண்ணுக்கு வயது வந்ததும் தங்க மூக்குத்தி. 16 வயதானதும் பாட்டி அதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவாராம்! நம் பாட்டிமார் கணக்கு தென்னாப்பிரிக்க நீதிமன்ற ஏட்டில்!

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவில் டாட்டூவுக்கென்று வயது சொல்லும் மத்திய சட்டம் எது? ஒன்றுகூட இல்லை!

பெரும்பாலான கடைக்காரர்கள் 18 என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 1875ஆம் வருஷத்து வயதுவந்தோர் சட்டத்திலிருந்து! அப்போது எடிசன் மின்விளக்கே செய்யவில்லை!

17 வயதுப் பையன் கடையில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறான். மதிப்பு? பூஜ்யம்! வயது வராதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. வங்காளத்துப் பையன் ஒருவன் வீட்டை அடமானம் வைத்த வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. வருஷம் 1903!

நம் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவைப் பாருங்கள். 18 வயது தாண்டியவர் தானே சம்மதித்து ஏற்கும் சிறு காயம் குற்றமாகாது. அதற்குச் சட்டம் தரும் உதாரணம் டாட்டூ இல்லை. பொழுதுபோக்குக்காக இருவர் வாள் வீசி விளையாடுவது!

28ஆவது பிரிவு இன்னும் கறார். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை 'சரி' என்றால் அது பொதுவாகச் சம்மதமே அல்ல!

27ஆவது பிரிவு? அதே 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பெற்றோர் சம்மதத்தோடு செய்வது குற்றமல்ல. எல்லாம் 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தவை. 160 வருஷத்துக்கு மேல் மாறாத 12!

ராணுவத்தில் அக்னிவீர் ஆக 17½ வயது போதும். 18 ஆகாவிட்டால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். டாட்டூ இருந்தால்? முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை, பிறகு புறங்கை. இந்த இரண்டு இடத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. வேறு இடத்தில் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குத்தான். பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் மரபுப்படி சலுகை உண்டு!

திருச்சியில் 2024 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளந்தார்கள். மருத்துவப் படிப்பு இல்லாமல் கத்தி எடுத்ததற்காக இருவர் கைது. கடைக்குச் சீல்! வேல்ஸ்காரர்கள் நாக்கை ஏன் பட்டியலில் சேர்த்தார்கள் என்று இப்போது புரிகிறதா!

நம் கொள்ளுப்பாட்டி கையில் தேள், கோலம், புருஷன் பெயரின் முதல் எழுத்து... எல்லாம் பச்சை! குத்தியது வீட்டு வாசலுக்கே வந்த குறத்தி. மையா? மஞ்சளும் அகத்தியிலையும் சேர்த்து எரித்த கரி! ஐரோப்பா தடுத்த 4,000 ரசாயனத்தில் அகத்திக்கீரை இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்!

கடைசியாக ஒன்று. அடையாள அட்டை, நோட்டரி முத்திரை, 3 வருஷக் காகிதம், 24 நாள் கணக்கு... உலகம் இத்தனை கேட்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, வாயில் சர்க்கரையைத் திணித்து, ஊரே வேடிக்கை பார்க்க உங்கள் காதைக் குத்தினார்களே, அன்றைக்கு யாராவது உங்களிடம் சம்மதம் கேட்டார்களா?

ஊர் கேட்கும்படி நீங்கள் 'வேண்டாம்' என்று கத்தியும்கூட குத்தினார்கள். அப்போது உங்கள் வயது? 1!